நசுக்காமல் விட்ட கோதுகள்

என் அன்புக்கும், இந்த ஒரு வருசமாக என் கோபத்துக்கும் உரிய மச்சான் யோகனுக்கு,

உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச்சொல்லிச் சங்கத்து ஆண்டு மலர்க்காரர் கேட்டார்கள். நல்லவர், அமைதியானவர், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவர் என்று எழுதி மேலே உன் படத்தைப் போட்டால் போதுமாம். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நாலு வரியில் அடங்குகிற கோபமா எனக்கு உன்மேல் இருக்கிறது? அதனால் இதை உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

முதலில் பழைய வழக்கைச் சொல்கிறேன். போன தை மாதம் நெஞ்சடைத்து நீ செத்து, எட்டுச் செலவு முடிந்த மறுநாள் உன் மனைவி நளாயினி கராஜைக் கூட்டப் போனாள். சுடுகிற துவக்குக்கு நாங்கள் ரவை செய்கிற மேசையின் இடது காலுக்குக் கீழே நாலாய் மடித்த கடதாசி ஒன்று இருந்தது. இருதய மருத்துவரிடம் வரச்சொல்லி ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம். ஐப்பசியில் நீ போயிருக்க வேண்டும். போகவில்லை. அதை மடித்து மேசை ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாய்.

என் தங்கை அழவில்லை. அதை என் கையில் தந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, இவருக்கு மேசை ஆடினது தெரிஞ்சிருக்கு."

நீ என்ன வேலை பார்த்தாய் என்று இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும். வீடுகளில் தண்ணீர் சூடாக்கும் பொயிலர் திருத்துகிற வேலை. கிங்ஸ்பரியிலிருந்து ஹரோ வரை எத்தனை வீட்டில் நின்று, "வருசத்துக்கு ஒருக்காச் செக் பண்ணாட்டி நான் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்" என்று வயதுபோனவர்களைக் கூட அதட்டியிருக்கிறாய். உன்னை அதட்ட நாங்கள் ஒருவரும் இல்லாமல் போய்விட்டோம். நெஞ்சைத் தடவும்போதெல்லாம் வாய்வு என்றாய். நாங்களும் உள்ளிப் பால் காய்ச்சித் தந்தோம்.

அந்தக் கோபம் ஒரு பக்கம். இரண்டாவதாக நீ செய்தது எனக்கு ஆனி மாதத்தில்தான் தெரிய வந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் குறி பார்த்துச் சுடுகிற கிளப்பில் சேர்ந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. செத்த வீட்டில் கூட ஒருவர் என் காதுபடச் சொன்னார், "துவக்குக்குத் தப்பி வந்த ஆள் இஞ்ச வந்து துவக்கைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர்." கடதாசி அட்டையில் வட்டம் போட்டு, புல்லில் படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிச் சுடுவதில் உனக்கு என்ன கிடைத்தது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "இதில எனக்கு முன்னால ஒருத்தரும் நிக்கிறேல்லை மச்சான்" என்று நீ ஒரு தடவை சொன்னாய். அது எனக்குப் போதுமாக இருந்தது.

நீ செத்து இரண்டாம் நாள் பொலிசார் வந்து உன் துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். சான்றிதழ் உன் பெயரில் இருந்தது, நீ இல்லை, அதுதான் சட்டம். நீ செய்து வைத்திருந்த ஐம்பது ரவைகளை, என்னிடமும் அதே அளவுத் துவக்குக்குச் சான்றிதழ் இருந்தபடியால், ஒரு துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் பொறுப்பில் விட்டார்கள். வாசலில் பொலிஸ் வான் நின்றது பத்து நிமிசம். அந்தக் கதை அன்று பின்னேரத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. பிறகு வந்த மாதங்களில், ஊரில் நடந்த கடைசிச் சண்டையிலிருந்து வந்த செய்திகளை நீ கேட்காமல் போனாய். அவற்றை எழுத எனக்குக் கை ஓடவில்லை. அந்த மாதங்களில் ஒரு தமிழன் வீட்டில் துவக்கு இருந்தது என்றால் ஆட்கள் என்னென்ன கதைப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

உன் தம்பி குகனுடைய சான்றிதழில் உன் துவக்கு ஏறி அவன் கைக்கு வர ஆனி ஆகிவிட்டது. பாரிசை விட்டு அவன் இங்கே வந்து ஐந்து வருசம், கிளப்பில் சேர்ந்து மூன்று வருசம், ஆனால் அந்தத் துவக்கை வாங்கிய நாளில் சின்னப்பிள்ளை போல அழுதான். பிறகு என்னிடம் வந்தான்.

"சிவா அண்ணை, அண்ணையின்ர கையால செய்த கடைசி ஐம்பதும் உங்களிட்டத்தானே இருக்கு? புரட்டாதியில கிளப்பில அவற்ர நினைவாச் சுடேக்க அதை நான் சுடப்போறன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் உன்னைப் பிடித்தேன்.

படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவையைச் சுட்டபின் மிஞ்சுவது பித்தளைக் கோது. சுடும்போது அது துவக்கின் அறை அளவுக்கு வீங்கிவிடும். கழுவி, கொஞ்சம் எண்ணெய் பூசி, இரும்பு அச்சுக்குள் தள்ளி நெரித்தால் பழைய அளவுக்கு வரும். பிறகு புது வெடிமருந்தும் குண்டு முனையும் வைத்து மறுபடி சுடலாம். வீங்கி நெரிபட்டு, வீங்கி நெரிபட்டு, கோதின் அடிப்பக்கம் உள்ளே மெலிந்துகொண்டு போகும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒருநாள் சுடும்போது அந்த இடத்தில் அறுந்தால், நெருப்புக் காற்று முன்னால் போகாமல் சுடுகிறவனின் முகத்துக்குத் திரும்பி வரும்.

அதற்குத்தான் அந்தக் கம்பி. கட்டுப்பல் செய்வது என் வேலை, பல்லைப் பிடித்து வைக்கிற உருக்குக் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, நுனியை ஊசிமுனை அளவுக்கு வளைத்து, நான்தான் செய்து தந்தேன். கோதுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி தடக்கென்று நிற்கும். உன் விரலில் தடக்கினால் நீ எனக்குத் தருவாய். எனக்கும் தடக்கினால் குறட்டால் அதன் வாயை நசுக்கிப் வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போடுவோம். இரண்டு பேர் தொடாமல் ஒரு கோதும் பெட்டிக்குப் போகாது. அது நீயே வைத்த சட்டம். என் கோதுகளின் அடியில் சிவப்பு மை, உன்னுடையவற்றில் கறுப்பு.

ஆனி மாதத்து ஞாயிறு. உன் கறுப்பு மை போட்ட ஐம்பதில் முதலாவதைத் துடைக்கிறேன். அடியில் கொத்திய எழுத்துகளின் பள்ளத்துக்குள் சிவப்பு. இரண்டாவதிலும் சிவப்பு. மேலே இருந்ததை ஸ்பிரிட் போட்டு நன்றாகத்தான் அழித்திருந்தாய், பள்ளத்துக்குள் இருந்தது போகவில்லை. அவை என்னுடைய கோதுகள்.

ஏழு ரவைகளைக் கழற்றினேன். கம்பியை விட்டேன். ஐந்தில் தடக்கியது. வந்தது பயம் என்று நினைத்தேன், கோபம்தான்.

பிறகு கோதை நெரிக்கிற பிரஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். அச்சின் பூட்டு வளையத்தில் பழைய கோடு ஒன்று, அதற்கு மேலே நீ கீறிய புதுக் கோடு ஒன்று. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வருசம் புரட்டாதியில், கட்டுப்பல் செய்கிற ஆய்வுகூடத்தில் எனக்கு இரட்டை ஷிப்ட். என் கோதுகளை உன்னிடம் தந்து, "நீயே நெரிச்சு வை மச்சான்" என்றேன். நீ அச்சைத் தேவைக்கு அதிகமாகக் கீழிறக்கி வைத்து அத்தனையையும் அளவுக்கு மேல் நெரித்துவிட்டாய். இறுக்கினால் பத்திரம் என்று நினைத்திருப்பாய். அப்படி நெரித்த கோது அறைக்குள் தளர்வாக இருக்கும், ஒவ்வொரு முறை சுடும்போதும் மற்றவற்றைவிட அதிகமாக இழுபடும். இரண்டு மூன்று தடவையில் அடி மெலிந்துவிடும். பிழை பிடிபட்டதும் நீ செய்தது என்ன? அச்சைச் சரிபண்ணினாய். உன் நல்ல கோதுகளின் கறுப்பை அழித்து எனக்கென்று சிவப்பைப் போட்டாய். கெட்டவற்றில் கறுப்பைப் போட்டு நீ வைத்துக்கொண்டாய். ஐப்பசியில் இருந்து, "நீ போ, வேலையால களைச்சு வந்தனி, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றது இதற்குத்தான். இரண்டாவது விரலுக்கு, என் விரலுக்கு, அங்கே வேலை இல்லாமல் செய்துவிட்டாய்.

யார் கேட்டது? நான் உன்னிடம் கேட்டேனா? "மச்சான், பிழை விட்டிட்டன்" என்று ஒரு வசனம். அவ்வளவுதானே. எல்லாவற்றையும் நசுக்கிப் பேணியில் போட்டுவிட்டு, புதுக் கோது வரும்வரை இரண்டு பேரும் சும்மா இருந்திருப்போம். கிளப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மற்றவர்கள் சுடுவதைப் பார்த்திருப்போம். அதில் என்ன மானம் போயிருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் மச்சான், அதன் பதிலில் நானே போய் முட்டிக்கொண்டேன்.

முதல் வருசத்தில் நீ எண்ணெய் பூச மறந்து ஒரு கோது அச்சுக்குள் இறுகிப்போனது. துளை போட்டு, ஆணி முறுக்கி, அரைநாள் மல்லுக்கட்டித்தான் வெளியே எடுத்தோம். அந்தக் கதையை நான் எத்தனை பிறந்தநாளில், எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்? நீ பிரஸ்ஸின் கைபிடியில் தொங்கியதை எழும்பி நின்று நடித்தே காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாய். நளாயினி ஒருநாள், "அண்ணா, போதும்" என்றாள். நான் விடவில்லை. அடுத்த பிழையை நீ எப்படி என்னிடம் சொல்லுவாய்?

அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. சிரித்தது என் பிழை. அந்தக் கோதுகளுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்தது உன் பிழை.

போன கார்த்திகையில் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சுட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ எனக்கு இடது பக்கம் படுத்திருந்தாய். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் கண்ணை இறுக்கி மூடினாய். உன் அட்டையில் அடிகள் எல்லாம் கீழே போயிருந்தன. "என்ன மச்சான், நேற்றுச் சேர்ந்தவன் மாதிரிக் கண்ணை மூடுறாய்?" என்றேன். "கண்ணாடி மாத்தவேணும்" என்றாய். நான் சிரித்துவிட்டு என் ரவையை ஏற்றினேன். என் கோதுகள் நல்ல கோதுகள். உன்னுடையவை.

அந்தக் கம்பி தடக்கியது உன் விரலுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்து, இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று எண்ணினாயா? நெஞ்சையும் அப்படித்தான் எண்ணினாயா?

இனிக் குகனுடைய கதை. அவனுக்கு உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு நீதான் எல்லாம். உன் கைவேலையில் பிழை இருக்கும் என்று சொன்னால் அவன் நொருங்கிப்போவான் என்று நினைத்தேன். அதனால் இரண்டு மாதம் சாட்டுச் சொல்லிக் கடத்தி, புரட்டாதி பிறந்ததும் பொய் சொன்னேன்.

"செத்த ஆள் செய்த ரவையைச் சுட ஏலாதாம். கிளப்பில சட்டம்."

இரண்டு நாளில் திரும்பி வந்தான். கதவைத் திறந்தேன், உள்ளே வரவில்லை.

"செயலாளரிட்டக் கேட்டனான். அப்பிடி ஒரு சட்டமும் இல்லையாம். சுடுற ஆள் யோசிச்சுச் சுடவேணுமாம், அவ்வளவுதான். ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"குகன், அதை விடு. என்ர ரவையில தாறன்."

"எனக்கு உங்கட ரவை வேண்டாம். அண்ணையின்ர மிச்சம் எல்லாத்தையும் நீங்களே வைச்சிருக்கவேணும், என்ன? கராஜ் பூட்டின்ர திறப்பும் உங்களிட்ட. ரவையும் உங்களிட்ட. நான் அவற்ர தம்பி. நீங்கள் ஆர்?"

கதவைச் சாத்தவில்லை, போய்விட்டான். பிறகு நளாயினிக்கு போன் எடுத்து, ரவைகளை வாங்கித் தராவிட்டால் பொலிசுக்கு எழுதி வாங்குவேன் என்றிருக்கிறான். வாங்கியும் இருப்பான். சான்றிதழ் இருக்கிறது, துவக்கு இருக்கிறது, அவன் கேட்டது நியாயம். புரட்டாதியில் அந்தத் துவக்கோடு படுத்து மிச்ச நாற்பத்துமூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டிருப்பான். அவன் கண்ணை மூடியிருக்கவும் மாட்டான், ஏனென்றால் அவனுக்குத் தெரியாது.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நீ எனக்குச் செய்ததையே நான் அவனுக்குச் செய்துகொண்டிருந்தேன். மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, ஒரு ஆளை உயிரோடு விளையாட விடுவது. உன்மேல் இருந்த கோபம் அப்போது இரண்டு மடங்கு ஆனது. இந்தப் பழக்கத்தையும் எனக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய்.

ஞாயிறு பின்னேரம் அவனைக் கராஜுக்கு வரச்சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். பெட்டியை முன்னால் வைத்து, "உனக்கு விருப்பமான மூண்டை நீயே எடு" என்றேன். எடுத்தான். மூன்றையும் அவன் கண்ணுக்கு முன்னால் கழற்றி, மருந்தைக் கிண்ணத்தில் கொட்டி, கோதையும் கம்பியையும் அவன் கையில் கொடுத்தேன்.

முதலாவதில் ஒன்றும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். இரண்டாவதில் விட்டு இழுத்தான். கம்பி நின்றது. திரும்ப விட்டு இழுத்தான். திரும்பவும் நின்றது. மூன்றாவதில் விட்டு இழுத்தபோதும் நின்றது.

"அண்ணை பார்க்காமல் விட்டிட்டாரோ?"

"இல்லை. தெரிஞ்சுதான் வைச்சவர்."

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மை, அச்சின் கோடு, கார்த்திகை மாதம், இறுகிப்போன கோது, நான் சிரித்த சிரிப்பு. சொல்லி முடிக்கையில் நளாயினி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியாது. தட்டை வைத்துவிட்டுக் குகனிடம் கம்பியை வாங்கினாள். இந்தக் கராஜில் அவள், நாங்கள் கோது வடிக்க எடுத்த தன் மாவரிக்கிற அரிதட்டைத் தேடி வந்து எங்களைத் திட்டியிருக்கிறாள், ஒரு கோதைக்கூட ஒருநாளும் தொட்டதில்லை. உள்ளே விட்டு இழுத்தாள்.

"இதுதானோ?"

"ஓம்."

"நல்லதை உங்களுக்குத் தந்திட்டு, இதை முகத்தோட வைச்சுக்கொண்டு சுட்டவர்."

"ஓம் பிள்ளை."

"எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. நெஞ்சு நோவையும் சொல்லேல்லை, இதையும் சொல்லேல்லை. பக்கத்தில படுத்தவளுக்கு." கம்பியை மேசையில் வைத்தாள். "அந்தக் குறட்டைத் தாங்கோ."

மிச்சம் நாற்பதையும் நானும் குகனும் கழற்றினோம். மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர்களை மெதுவாக எடுத்து எண்ணெயில் போட்டோம். கம்பி தடக்கியது, தடக்காதது என்று பிரிக்கவே அவள் விடவில்லை. ஒவ்வொரு கோதாக வாயை நசுக்கிப் பேணிக்குள் போட்டாள். அவளுக்குக் கைப்பலம் போதாது, இரண்டு கையாலும் குறட்டைப் பிடித்து நெரித்தாள். நசுக்கும்போதுதான் அழுதாள், மச்சான். எட்டு மாதம் கழித்து, அழுதுகொண்டே உன்னைத் திட்டினாள். என்னென்ன சொல்லித் திட்டினாள் என்று இங்கே எழுதமாட்டேன். எல்லாமே உனக்குச் சேரவேண்டியவைதான். மருந்தைக் குகன் கொண்டுபோய் அவளுடைய ரோசாச் செடிகளுக்கு அடியில் கொட்டினான்.

அந்த வேலையால் புரட்டாதி நாள் தவறிவிட்டது. ஐப்பசி கடைசியில் கிளப்பில் உனக்கென்று ஒரு மணித்தியாலம் தந்தார்கள். நளாயினியும் வந்தாள், கோட்டுக்கு மேல் போர்வை சுற்றிக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, பின்னால் கதிரையில் இருந்தாள். குகன் உன் துவக்கோடு படுத்தான். நான் பக்கத்தில் படுத்து ஒவ்வொரு ரவையாக அவன் கையில் கொடுத்தேன். அடியில் சிவப்பு மை போட்ட கோதுகள். மூன்று பேரும் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுப் பார்த்தவை. அவற்றின் எழுத்துப் பள்ளங்களுக்குள் கறுப்பு இருந்ததை அவனுக்குக் காட்டினேன். "அப்ப இது அண்ணையின்ரதானே" என்றான். ஓம் என்றேன்.

அவன் கண்ணை மூடவில்லை. நான் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அட்டையை அல்ல.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்காதே. ஆறவில்லை. ஆறுமென்றும் தோன்றவில்லை. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கைபிடியில் நீ தொங்கிய கதையை இனி எந்த விருந்திலும் சொல்லமாட்டேன். போன கிழமை ஒரு பிறந்தநாளில் ஆட்கள் வற்புறுத்திக் கேட்டார்கள். எழும்பி நின்று வேறொரு கதை சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த மச்சான் கண்ணை மூடியதைக் கண்டும், ஏன் என்று கேட்காமல், சிரித்துவிட்டுத் தன் ரவையை ஏற்றியவன் கதை. ஒருவரும் சிரிக்கவில்லை. இனி எங்கே கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உன் நல்ல கோதுகளை இன்னும் வைத்திருக்கிற,
நளாயினியின் அண்ணன், உன் மச்சான்
சிவா
கிங்ஸ்பரி, கார்த்திகை 2009